பிழைப்புக்கு ஓர் அளவு, பொழுதுபோக்குக்கு ஓர் அளவு

கூடுவாஞ்சேரி கடற்கரை ஊர் அன்று. நந்திவரம் ஏரியும் ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் சேர்ந்து வளர்த்த ஊர் இது. ஆயினும் கேளம்பாக்கம் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர் சென்றால் கோவளம் வந்துவிடும். திருப்போரூர் வழியாகச் சென்றால் நெம்மேலியும் அப்பால் மாமல்லபுரமும். பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் பெருகிய பிறகு இப்பகுதியில் குடியேறியவர்களில் ஒரு சாராருக்குத் தூண்டில் போடுவது விருப்பமான பொழுதுபோக்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் தோளில் கழிப்பையோடு இருசக்கர வாகனத்தில் விரைபவர்களைக் காண்கிறோம். முட்டுக்காட்டு முகத்துவாரத்திலும் கோவளத்துப் பாறைகளிலும் அவர்கள் நிற்கிறார்கள். வசதி உள்ளவர்கள் மீனவரின் ஃபைபர் படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு கடலுக்குள் செல்கிறார்கள்.

இதில் நமக்குக் குறை ஒன்றுமில்லை. வாரம் முழுதும் திரையைப் பார்த்த கண்கள் ஒரு காலைப்பொழுதேனும் கடலைப் பார்ப்பது நல்லதே. படகு வாடகை மீனவர் கைக்குப் போவதும் நல்லதே. நமக்கு உறுத்துவது, நண்பகலில் கைபேசிகளில் வந்து சேரும் படங்கள். முழங்கை நீளம்கூட வராத வஞ்சிரங்கள், கையகலக் கொடுவாக் குஞ்சுகள், சங்கராக் குட்டிகள் எல்லாம் மணலில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பின்னால் சிரிக்கும் முகங்கள். அந்த மீன்களுள் பெரும்பாலானவை ஒருமுறைகூட முட்டையிடாதவை என்பது சிரிப்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதுமில்லை.

பிடிக்கத்தகும் மீனுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு என்னும் கருத்து இந்தப் பொழுதுபோக்கினரிடம் வேரூன்ற வேண்டும். சட்டம் மீனவருக்கு வகுக்கும் அளவைவிட அவர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளும் அளவு கடுமையானதாக இருக்கவேண்டும் என்பதும் நம் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

*

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 'சிறிய மீன்' வேறு, 'இளம் மீன்' வேறு. நெத்திலி எத்தனை காலம் வாழ்ந்தாலும் நெத்திலிதான். அதன் முதுமையும் விரலளவே. கையளவு மத்தி வளர்ந்த மீன். அதே கையளவு வஞ்சிரமோ கைக்குழந்தை. ஆகவே 'சின்ன மீனைப் பிடிக்காதே' என்று பொதுவாகச் சொல்வது அறிவுமாகாது, அறமுமாகாது. அப்படிச் சொன்னால் ஏழை வீட்டுக் குழம்பைத்தான் முதலில் தடைசெய்தவர்களாவோம். ஒவ்வோர் இனமும் முதன்முறை சினைகொள்ளும் நீளம் எது என்று அறிந்து, அதனையொட்டி அவ்வினத்துக்கு ஓர் அளவை வகுப்பதே முறை. ஒருமுறையேனும் இனம்பெருக்க வாய்ப்பளித்துவிட்டுப் பிடி என்பதே அதன் சாரம்.

இவ்வகையில் நம் அண்டை மாநிலம் முன்னே சென்றது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்றுக் கேரள அரசு 2015ஆம் ஆண்டில் 14 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்தது. பின்னர் அப்பட்டியல் 58 இனங்களாக விரிந்தது. மத்திக்கு 10 செ.மீ., கானாங்கெளுத்திக்கு 14 செ.மீ., வாளைக்கு 46 செ.மீ., வஞ்சிரத்துக்கு 50 செ.மீ. என்பன அவற்றுட் சில. இவற்றுக்குக் குறைந்தவற்றைப் பிடிப்பதும் கரைக்குக் கொண்டுவருவதும் குற்றம்.

கேரளத்தை இம்முடிவுக்குத் தள்ளியதில் மத்திக்குப் பெரும்பங்கு உண்டு. 2012இல் அம்மாநிலத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் மத்தி கரைசேர்ந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் அது சரிந்துகொண்டே போய், 2021இல் நான்காயிரம் டன்னுக்கும் கீழே வந்தது. இவ்வீழ்ச்சிக்குக் குஞ்சுகளைப் பிடித்தது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடல்நீரின் வெப்பநிலையும் உணவாகும் நுண்ணுயிர்களின் மிகுதியும் குறைவும் மத்தியின் வரவைத் தீர்மானிப்பவை. ஆயின் இயற்கை நலிவுறும் ஆண்டில் குஞ்சுகளையும் அள்ளிவிட்டால், நல்ல ஆண்டு வரும்போது பெருகுவதற்குத் தாய்மீன் எஞ்சியிராது. விதைநெல்லைக் குத்தித் தின்றவன் மழை பெய்யும்போது என்ன செய்வான்?

*

தமிழ்நாட்டில் கடல் மீன்பிடிப்பை நெறிப்படுத்தும் சட்டம் 1983இல் பிறந்தது. 1970களில் விசைப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் இடையே எழுந்த மோதல்களின் பின்னணியில் வந்த சட்டம் அது. கரையோரக் கடலை நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்குவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. அதன்கீழ் 2001ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறைக்கு வந்தது. முதலில் 45 நாட்கள். 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள். இத்தடை விசைப்படகுகளுக்கானது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட, தனிப்பொருளாதார மண்டலத்துக்கான மீன்பிடி விதிகளும் குறைந்தபட்ச அளவு பற்றிப் பேசுகின்றன. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பாலுள்ள நீர்ப்பரப்பு அது. முட்டுக்காட்டுப் பாலத்தருகே நிற்கும் நம் நண்பரின் தூண்டில் அவ்வளவு தூரம் போகாது.

ஆக, சட்டத்தின் கண் பெரும்பாலும் வலையின்மீதும் எந்திரத்தின்மீதும் இருக்கிறது. அது இயல்பே. இழுவலையின் பைக்குள் விழும் குஞ்சுகளோடு ஒப்பிட்டால் தூண்டிலில் விழுபவை எம்மாத்திரம்! இராமநாதபுரம் பக்கத்தில் 'சங்காயம்' என்று சொல்வார்கள். விலைபோகும் மீனைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கலவை மீன் குவியல். அதில் எத்தனையோ நல்லினங்களின் குஞ்சுகள் காய்ந்து பொடியாகிக் கோழித்தீவனமாகின்றன. 'அங்கே டன் கணக்கில் போகிறது; இங்கே நாலு மீனுக்கு அளவுகோல் எடுத்து வருகிறீரே' என்று நம்மைக் கேட்கலாம்; கேட்டும் இருக்கிறார்கள்.

இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடலின் பெருங்காயத்துக்குத் தூண்டில்காரர் காரணமல்லர். ஆயினும் மூன்று மறுமொழிகள் நமக்குண்டு.

முதலாவது, இடத்தைப் பற்றியது. வங்கக் கடல் முழுமைக்கும் கணக்கெடுத்தால் தூண்டில் துளிதான். ஆனால் தூண்டில்காரர் கடல் முழுமையிலும் நிற்பதில்லை. ஒரு முகத்துவாரம், ஒரு பாறைத்திட்டு, ஒரு கழிமுகம் என்று குறிப்பிட்ட சில இடங்களிலேயே வாரந்தோறும் நிற்கிறார்கள். அவ்விடங்களோ பல மீன்களின் தொட்டில்கள். மடவையும் கொடுவாவும் செப்பிலியும் கடலில் பிறந்து, குஞ்சுப்பருவத்தில் உப்பங்கழிக்குள் புகுந்து வளர்பவை. கோவளம் கழியின் வாயில் வாரந்தோறும் நாற்பது தூண்டில்கள் விழுந்தால், வங்கக்கடல் அதை உணராது, அக்கழி உணரும்.

இரண்டாவது, தேவையைப் பற்றியது. கட்டுமரக்காரர் கையகல மீனையும் கூடையில் போடுகிறார் என்றால், அன்றைய டீசல் கடனோ பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ அக்கூடைக்குள் இருக்கிறது. நம் ஞாயிற்றுக்கிழமை நண்பருக்கு அப்படி ஒன்றுமில்லை. மீன் கிடைக்காவிட்டால் திரும்பும் வழியில் கேளம்பாக்கத்தில் இறங்கி அவர் பிரியாணி சாப்பிட்டுக்கொள்வார். வேண்டாதவன் எடுப்பதற்கும் வேறுவழியில்லாதவன் எடுப்பதற்கும் ஒரே அளவுகோலை வைப்பது எவ்வகை நீதி?

மூன்றாவது, பேசும் தகுதியைப் பற்றியது. இதை விளங்கிக்கொள்ளச் சற்று வரலாறு வேண்டும்.

*

இந்தியாவில் மீன்குஞ்சுகளைக் காக்கவேண்டும் என்று முதலில் உரத்துப் பேசியவர்களுள் இருவர் சென்னை மாகாணத்தோடு தொடர்புடைய ஆங்கிலேயர். சென்னைப் படையின் மருத்துவராக வந்து மீனியல் அறிஞராக மாறிய பிரான்சிஸ் டே 1873இல் நன்னீர் மீன்களைப் பற்றி அளித்த அறிக்கையில், நெருக்கமான கண்ணுடைய வலைகளாலும் அணைகளில் வைத்த பொறிகளாலும் குஞ்சுகள் அழிக்கப்படுவதைக் கடுமையாகக் கண்டித்தார். மற்றவர் தென்கன்னடத்தில் ஆட்சியராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். தூண்டில் விளையாட்டில் பெரும்பித்தர். 'இந்தியாவில் தூண்டில்' என்று பொருள்படும் தலைப்பில் அதே 1873இல் ஒரு நூல் எழுதினார். இவ்வகை முயற்சிகளுக்குப் பின்னர் 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடிமருந்தாலும் நஞ்சாலும் மீன்பிடிப்பதை அது தடைசெய்தது. வலைகளின் அளவை வரையறுக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரமும் தந்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் அதன் பின்னணியில் ஒரு கோணல் உண்டு. ஓய்வுக்காகத் தூண்டில் போட்ட துரைமார், உணவுக்காக மீன்பிடித்த குடிகளைப் பார்த்து, 'நீங்கள் அழிக்கிறீர்கள்' என்றார்கள். அவர்கள் சொன்ன உண்மை, சொன்னவர்களின் இடத்தால் கறைபட்டது. மீனைக் காக்கும் விதிகளைக் கரைவாழ் மக்கள் இன்றும் ஐயத்தோடு பார்ப்பதற்கு இந்த நினைவின் எச்சமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. மேலிருந்து வரும் விதி நம் சோற்றில்தான் கைவைக்கும் என்னும் ஐயம் அது.

நமது கல்லூரியில் கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் உண்டு. நெய்தல் திணையை நடத்தும் நாட்களில் அவர்கள் நமக்கு ஆசிரியர்களாகிவிடுவது வழக்கம். அளவுக் கட்டுப்பாடு பற்றி ஒருமுறை வகுப்பில் பேச்சு வந்தபோது அவர்களுள் ஒருவர் எழுந்து, 'ஐயா, எங்கப்பா பொடிமீனோட வந்தா தப்புன்றீங்க. ரீலு வாங்கவே அம்பதாயிரம் செலவு பண்றவரு அதே மீனப் புடிச்சா போட்டோ எடுத்துப் பாராட்டுறாங்க. அது என்ன கணக்குங்கய்யா?' என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது கேள்வி. பொழுதுபோக்கினர் தம்மீது முதலில் அளவை விதித்துக்கொள்ளாதவரை மீனவரிடம் அளவைப் பற்றிப் பேச நகரத்தாருக்கு வாய் இல்லை. தாமசின் காலத்துக் கோணலை நிமிர்த்துவதற்கு வேறு வழியுமில்லை.

*

சட்டத்தின் அளவைவிட நம் அளவு கடுமையாக இருக்கவேண்டும் என்று சொன்னோம். அதற்கு வஞ்சிரமே சான்று. கேரளம் அதற்கு வகுத்தது 50 செ.மீ. ஆயின் வஞ்சிரம் முதன்முறை சினைகொள்வது ஏறத்தாழ 70 செ.மீ. அளவில். இடைப்பட்ட இருபது செ.மீ. எங்கே போயிற்று? அது பிழைப்புக்கு விட்டுக்கொடுத்த அளவு. உயிரியல் கேட்டதை முழுமையாகக் கொடுத்தால் செவுள்வலைக்காரர் பலர் அடுப்பை அணைக்க நேரும். அரசு இரண்டையும் எடைபோட்டு நடுவே ஓர் இடத்தில் நின்றது. அதைக் குறைசொல்வதற்கில்லை.

ஆனால் அந்த விட்டுக்கொடுப்பு யாருக்காகச் செய்யப்பட்டது? பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவருக்காக. பொழுதுபோக்குபவர் அதில் பங்கு கேட்க முடியாது. 55 செ.மீ. வஞ்சிரம் மீனவர் கையில் இருந்தால் அது ஏற்கத்தக்க சமரசம். நம் கையில் இருந்தால் வெறும் பேராசை. நமக்குரிய அளவு 70 செ.மீ.க்கு மேல்தான் தொடங்குகிறது.

அளவுக்கு மேலெல்லை ஒன்றும் உண்டு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கொடுவாவை எடுத்துக்கொள்வோம். இம்மீன் முதலில் ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்தபின் பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவா அனைத்தும் ஏறக்குறையத் தாய்மீன்கள். முட்டுக்காட்டிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1997இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்வித்தபோது விஞ்ஞானிகள் இம்மாற்றத்தைக் கணக்கில் கொண்டுதான் தாய்மீன்களைப் பேணவேண்டியிருந்தது. அதே முட்டுக்காட்டில், கூப்பிடு தூரத்தில், எட்டுக் கிலோ கொடுவா ஒன்று தூண்டிலில் மாட்டினால் அது அந்த ஆண்டின் பெருமைமிகு படமாகிவிடுகிறது. அவர் தூக்கிப்பிடித்திருப்பது ஒரு பேறுகால அறையை என்று யார் அவருக்குச் சொல்வது?

களவா இனங்களில் இது தலைகீழாக நடக்கிறது. அவை பெண்ணாக முதிர்ந்து பின்னர் ஆணாகின்றன. பெரியவற்றையே தேர்ந்தெடுத்துப் பிடித்தால் பாறைத்திட்டில் ஆண்மீன் அருகிப்போகும். குறைந்தபட்ச அளவு மட்டும் வைத்துக்கொண்டு, 'பெரியதாகப் பிடி' என்று ஊக்குவிப்பது இவ்விரு மீன்களுக்கும் தீங்கே.

பெரிய தாய்மீனின் மதிப்பு நாம் நினைப்பதைவிட அதிகம். இரண்டு கிலோ மீனைப்போலப் பதினைந்து மடங்கு எடையுள்ள மீன் பதினைந்து மடங்கு முட்டையிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இக்கணக்கைத் தவறென்று காட்டியது. அட்லாண்டிக் பெருங்கடலின் காட் மீனில், 30 கிலோ எடையுள்ள ஒரு தாய்மீன் இடும் முட்டைகள், தலா இரண்டு கிலோ எடையுள்ள 28 தாய்மீன்கள் சேர்ந்து இடும் முட்டைகளைவிட மிகுதி என்று அது கண்டறிந்தது. இத்தகைய அறிவின் அடிப்படையில்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் கொடுவாவுக்கு இருபுறமும் எல்லை வகுத்திருக்கிறது. 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் வைத்துக்கொள்ளக்கூடாது, 120 செ.மீ.க்கு மிகுந்ததையும் வைத்துக்கொள்ளக்கூடாது. குழந்தையையும் தாயையும் விட்டுவிட்டு இடைப்பட்டதை எடு என்பது அதன் பொருள்.

ஐரோப்பாவும் இப்பாடத்தைக் கற்றது. அங்கே கடல் பாஸ் என்னும் மீன் அருகத் தொடங்கியபோது, 2015இல் அதன் குறைந்தபட்ச அளவை 36 செ.மீ.யிலிருந்து 42 செ.மீ.ஆக உயர்த்தினார்கள். அத்தோடு, தூண்டில்காரர் ஒரு நாளைக்கு மூன்று மீனுக்குமேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்றும் விதித்தார்கள். தூண்டில் துளிதான் என்னும் வாதம் அங்கே எடுபடவில்லை. உலக உணவு வேளாண்மை நிறுவனமும் 2012இல் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கென்றே தனி வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது.

*

அளவு விதிப்பது எளிது. அதன் பயன் விதியின் சொற்களைப் பொறுத்தது. தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் இதைப்பற்றி ஒன்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. நாம் வஞ்சிரம் என்பதைத் தூத்துக்குடியில் சீலா என்பர். குமரிமாவட்டத்தில் நெய்மீன் என்பர். சென்னைக் கரையில் சீலா என்றால் அது வேறொரு மீன். 'சீலாவுக்கு இவ்வளவு' என்று ஓர் ஆணை வந்தால் இரண்டு கரைகளில் இரண்டு மீன்கள் தப்பும், இரண்டு மீன்கள் மாட்டும். விலங்கியல் பெயரை மட்டும் போட்டால் யாருக்கும் புரியாது. ஆகவே வட்டார வழக்குகளை இனத்தோடு இணைத்துப் படத்தோடு வெளியிடும் பட்டியல்கள் வேண்டும். தமிழ்த்துறைகளும் மீன்வளத் துறையும் கைகோத்துச் செய்யவேண்டிய பணி இது. நம் துறைகளில் ஆய்வுப்பொருள் இல்லை என்று மாணவர்கள் தவிக்கும்போது கடற்கரை முழுதும் சொற்கள் இறைந்து கிடக்கின்றன.

விதியின் எல்லையும் முக்கியம். சிங்கி இறாலுக்கு 2003ஆம் ஆண்டில் ஒன்றிய வணிக அமைச்சகம் குறைந்தபட்ச எடை வகுத்தது. இனத்துக்கு ஏற்ப 150 கிராம் முதல் 500 கிராம் வரை. அதற்குக் குறைந்தவற்றை ஏற்றுமதி செய்யக்கூடாது. ஆனால் அது ஏற்றுமதிக்கான ஆணை. வெளிநாட்டுத் தட்டுக்குத் தகாது என்று விலக்கப்பட்ட குட்டி இறால் உள்ளூர் உணவுவிடுதியின் தட்டுக்கு வந்தால் அந்த ஆணை அதைத் தடுக்காது. மாமல்லபுரத்தில் விருந்துண்பவர்கள் தமக்குமுன் வைக்கப்பட்ட சிங்கி இறாலின் எடையை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். தூண்டில் பிடிக்காதவருக்கும் இதில் பங்குண்டு என்பதற்காகச் சொல்கிறோம்.

*

நெய்தலைப் பற்றி எழுதிவிட்டுச் சங்க இலக்கியத்தைத் தொடாமல் போனால் நண்பர்கள் விடமாட்டார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைக் காட்டுகிறார். முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. சினைகொண்ட சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டு, உண்டும் ஆடியும் ஓய்ந்திருக்கிறார்கள். இதைக்கொண்டு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் மீன்வளப் பாதுகாப்பு அறிந்திருந்தனர் என்று மேடையேறி முழங்க நமக்கு விருப்பமில்லை. பாட்டு சொல்வது வழிபாட்டை, விதியை அன்று. அக்கொம்பு கிடைக்க அந்தச் சினைச்சுறா இறந்தும்தான் இருக்கவேண்டும்.

ஆயினும் அக்காட்சியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. போகக்கூடிய ஒரு நாளில் போகாமலிருப்பது என்பது ஒன்று. கடலில் வணக்கத்துக்குரியதாகத் தோன்றியது சினைகொண்ட உடல் என்பது மற்றொன்று. அக்கொம்பை வேளா மீனின் வாள்போன்ற மூக்கு என்று கருதினால், அதன் இன்றைய நிலையையும் அறிந்துகொள்வது தகும். வேளா இனங்கள் இன்று அரிதினும் அரிதாகிவிட்டன. 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வண்டலூர்ப் பூங்காவில் நாம் கண்ணாடிக்கும் கம்பிக்கும் அப்பால் பார்க்கும் புலிக்கு எந்தப் பாதுகாப்போ அதே பாதுகாப்பு. இராட்சதக் களவாவுக்கும் அதே நிலை. தூண்டிலில் அது மாட்டினால் படத்துக்குக்கூடக் கரையேற்றாமல் விடுவிக்க வேண்டியது சட்டக் கடமை என்பதைப் பாறைமேல் நிற்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

*

இனி நடைமுறை. இவை யாரும் ஆணையிட்டு வரவேண்டியவை அல்ல. குழுவாகத் தூண்டிலுக்குச் செல்பவர்கள் தமக்குள் பேசி முடிவுசெய்யக்கூடியவை.

கழியோடு ஓர் அளவுகோலும் போகட்டும். பட்டைநாடா ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. கழியின் அடிப்பகுதியிலேயே கோடுகள் வரைந்துகொள்வாரும் உண்டு. 'பார்த்தால் பெரிசாத்தான் தெரியுது' என்பது அளவாகாது. தூண்டிலில் மாட்டிய மீன் எல்லார் கண்ணுக்கும் பெரியதே.

விடுவிப்பதற்கும் பயிற்சி வேண்டும். உலர்ந்த கையால் பிடித்தால் மீனின் வழுவழுப்பான மேற்பூச்சு உரிந்து, விட்டபின்னும் நோயுற்று இறக்கும். கையை நனைத்துக்கொண்டே தொடவேண்டும். சுடுமணலில் போட்டுப் புரட்டிப் படமெடுத்தபின் கடலில் எறிவது விடுதலையாகாது. செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்குவதும் அப்படியே. வட்டத்தூண்டில் பெரும்பாலும் வாயோரத்தில் தைக்கும், குடலுக்குள் போகாது. மும்முனைத் தூண்டிலைத் தவிர்ப்பதும், முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுவதும் கழற்றுவதை எளிதாக்கும். ஆழத்திலிருந்து விரைந்து இழுக்கப்பட்ட பாறைமீன்களுக்கு உள்ளிருக்கும் காற்றுப்பை உப்பிவிடுகிறது. விட்டாலும் மூழ்கமுடியாமல் மிதந்து சாகும். அத்தகைய ஆழங்களில் குஞ்சுகளே தொடர்ந்து மாட்டுமானால் இடத்தை மாற்றுவதுதான் ஒரே வழி. அளவு குறைந்த மீனை விட்டுவிட்டோம் என்னும் நிறைவு, அது பிழைத்தால்தான் பொருளுடையது.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு வீட்டுக் குழம்புக்குப் போதிய மீன், அதற்குமேல் இல்லை. பெரிய கொடுவாவை விட்டுவிடுவது. தடைக்காலத்தின் 61 நாட்களில், அது நம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிறதா என்று நுணுக்கம் பாராமல், கழியைச் சுவரில் சாய்த்துவைப்பது. விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்கள் வருவாயின்றிக் கரையில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் அவர்கள் கண்முன்னே நாம் விளையாட்டுக்காக மீன்பிடிப்பது, சட்டம் அனுமதித்தாலும், பண்பாகாது.

இவற்றையெல்லாம் செய்தபின் நகரத்துத் தூண்டில்காரர் இழுவலையின் கண்ணளவைப் பற்றியும் சங்காயக் குவியலைப் பற்றியும் கோழித்தீவன ஆலைகளைப் பற்றியும் தாராளமாகப் பேசலாம், பேசவும் வேண்டும். நாட்டுப்படகு மீனவரின் குரல் தனித்து ஒலிக்கும் இடங்களில் அவரோடு நிற்பதற்குப் படித்தவர்களும் வேண்டும். அப்போது அம்மாணவரின் தந்தை அவர்களைத் துரையாகப் பார்க்கமாட்டார், துணையாகப் பார்ப்பார் என்று நம்ப இடமிருக்கிறது.

அடுத்த ஞாயிறு கோவளத்துக்குப் புறப்படும் நண்பர்கள் பையில் நாடா ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வஞ்சிரத்துக்கு எழுபது என்பது நினைவிருக்கட்டும்.